சடப்பொருளின் துணிக்கைகள்: வன்னி மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளிநொச்சி, தரம் 7: கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) பளிங்கைத் தண்ணீரில் போட்டால் கலக்காமலே நிறம் பரவுகிறதே, ஏன் சேர்?

நீர்த் துணிக்கைகள் ஓயாமல் அசைகின்றன. பளிங்கிலிருந்து பிரியும் துணிக்கைகள் அவற்றோடு மோதி மோதி எல்லாப் பக்கமும் போகின்றன. அடியில் ஊதா நூல் இழுபடுவது தெரியும். நேரம் போகப் போக முழுவதும் நிறமாகும். சுடுநீரில் இது வேகமாக நடக்கும். பளிங்கைக் கையால் தொடாதீர்கள், இடுக்கியால் எடுங்கள்.

மாங்குளம்: துணிக்கைகளுக்கு இடையில் இருப்பது காற்றுத்தானே?

இல்லை, வெற்றிடம். காற்றும் நைதரசன், ஒட்சிசன் போன்றவற்றின் மூலக்கூறுகள்தான். அப்படியென்றால் அந்த மூலக்கூறுகளுக்கு இடையில் என்ன? ஊசி கழற்றிய சிறிஞ்சில் காற்றை இழுத்து, நுனியை விரலால் பொத்திக்கொண்டு அமத்துங்கள். தண்டு நன்றாக உள்ளே போகும். தண்ணீரை நிரப்பி அமத்தினால் அசையாது. வாயுவில் இடைவெளி பெரிது, திரவத்தில் மிகச் சிறிது.

முல்லைத்தீவு: திண்மத்தில் துணிக்கைகள் நெருக்கம் என்றால், மீன் பெட்டியில் போடும் ஐஸ் ஏன் மிதக்கிறது?

அருமையான கேள்வி. நீர் ஒரு விதிவிலக்கு. உறையும்போது அதன் மூலக்கூறுகள் இடம்விட்டு அறுகோணமாக அடுக்கப்படுவதால் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அதனால் ஐஸ் அதே கனவளவு நீரைவிடப் பாரம் குறைந்தது, மிதக்கிறது.

புதுக்குடியிருப்பு: மாங்குளத்துக்குச் சொன்ன பதில் பிழை. இரணைமடுக் குளத்து மீன் சுவாசிப்பது நீரின் இடைவெளியிலுள்ள காற்றைத்தானே?

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்த ஒட்சிசனை. அது 25 பாகை செல்சியசில் லீற்றருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். இடைவெளியை நிரப்ப அது எங்கே காணும்?

அதே நண்பர்: இருந்தாலும் காற்று இருக்கிறதுதானே?

கரைந்திருக்கிறது, இடைவெளி அதனால் உண்டானதல்ல. நீரைக் கொதிக்க வைத்து வாயுவை வெளியேற்றி, ஆறவிடுங்கள். அதில் 50 மில்லிலீற்றரோடு 50 மில்லிலீற்றர் எதனோல் சேர்த்தால் 100 வராது, 97 அளவில் நிற்கும். வெளியேற வாயுவே இல்லாத நீரிலும் கனவளவு குறைகிறது; ஒன்றின் துணிக்கைகள் மற்றதன் இடைவெளிக்குள் புகுகின்றன. ஆய்வுகூடத்தில் ஆசிரியரோடு மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், எதையும் சுவைக்கவும் வேண்டாம்.

வவுனியா: துணிக்கையை யார் கண்டது?

1827இல் றொபேட் பிறவுண், மகரந்தத்திலிருந்து வந்த நுண்பொருள்கள் நீரில் துடிப்பதை நுணுக்குக்காட்டியில் கண்டார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடிப்பதே காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார். ஜீன் பெரின் அளந்து உறுதிசெய்தார்.

நெடுங்கேணி: இடையில் காற்றா?

மாங்குளத்துக்கும் புதுக்குடியிருப்புக்கும் எழுதியதைப் படியுங்கள்.

துணுக்காய்: இது பரீட்சைக்கு வருமா?

வகுப்பாசிரியரைக் கேளுங்கள். சிறிஞ்சைச் செய்து பார்த்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.