ஹெச்.ஐ.வி. கட்டுப்பாட்டில் இருந்தும் அப்பாவுக்கு ஏன் இத்தனை வியாதி?

அப்பாவுக்கு 58 வயது, 14 வருடமாக ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்துகிற ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார், டெஸ்டில் வைரஸே தெரியவில்லை, ஆனாலும் பிரஷர், மூட்டுவலி, இப்போது இதயத்தில் அடைப்பு, டாக்டர் கேட்டால் 'அழற்சி' என்கிறார், ஒருவேளை அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். இதை வீட்டில் அவரிடமே கேட்டுவிட்டிருப்பீர்கள். என் மகளும் கேட்டாள்.

வைரஸ் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வருகிறதென்றால் மனுஷன் மாத்திரையை விழுங்கியிருக்கிறார் என்று அர்த்தம். அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு 61. திருப்பூரில் பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்தவன். எனக்கும் ஹெச்.ஐ.வி. என்று 2003-ல் தெரிந்தது. அரசாங்கம் இலவச மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததே 2004 ஏப்ரலில்தான், அதுவும் பெரும்பாலும் சிடி4, அதாவது ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, இருநூறுக்குக் கீழே போனவர்களுக்கு. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் ஆரம்பித்தபோது என் சிடி4 வெறும் 64. அப்போது கொடுத்த ஸ்டாவுடின் உயிரைக் காப்பாற்றியது, கன்னத்தையும் உறிஞ்சிக்கொண்டது. பாதம் எரிகிற எரிச்சலில் மிஷின் பெடலில் கால் வைக்க முடியாது. கல்யாண வீட்டில் "என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்றால் "சுகருங்க" என்பேன். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பொய்யைச் சொன்னேன், அப்புறம் நிஜமாகவே சுகர் வந்துவிட்டது.

எனக்கும் ஒரு டாக்டர் அழற்சி என்றுதான் சொன்னார். என் காதில் அலர்ஜி என்று விழுந்தது. மூன்று மாதம் கத்தரிக்காயும் கருவாடும் தொடவில்லை! சிரிக்காதீர்கள், விளக்கிச் சொல்ல ஆள் இல்லையென்றால் இப்படித்தான் ஆகும். விஷயம் இதுதான்: கிருமி உள்ளே வந்த ஆரம்பத்திலேயே குடலை ஒட்டியிருக்கிற எதிர்ப்பு அணுக்களைத் தின்றுவிடுகிறது. குடல் சுவர் பலவீனமாகி, அங்கே இருக்கிற பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. மாத்திரை வைரஸைப் பெருகவிடாது, ஆனால் இந்தச் சேதம் முழுசாகச் சரியாவதில்லை, பதுங்கியிருக்கிற கிருமியும் போவதில்லை. அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறது, அதைத்தான் அழற்சி என்கிறார்கள். திருடன் கட்டிப்போடப்பட்ட பிறகும் நாய் விடிய விடியக் குரைத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்த ஓயாத குரைப்பில் ரத்தக் குழாய், எலும்பு, சிறுநீரகம் எல்லாம் தேய்கிறது. என்னைப் போல சிடி4 அடிமட்டத்துக்குப் போனபின் ஆரம்பித்தவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

அதற்காக மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஸ்மார்ட் என்று ஒரு பெரிய ஆய்வு, 2006-ல் முடிவு வந்தது. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்குத்தான் சாவும் அதிகம், இதய, சிறுநீரக, கல்லீரல் நோயும் அதிகம்.

2019-ல் ஒருநாள் மாடி ஏறும்போது தாடையில் வலி. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்யணும் என்றார்கள். நம்ம விஷயத்தைச் சொன்னேன். அதுவரை தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்த டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். "டாக்டர், நர்ஸ் போட்டுக்கொள்கிற பாதுகாப்பு கிட்டுக்குத் தனியாகப் பணம் கட்டணும், லிஸ்டில் கடைசியாகத்தான் எடுப்போம்" என்று நர்ஸ் வராந்தாவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் அதற்கு முந்தைய வருடமே, 2018 செப்டம்பரில், அமலுக்கு வந்துவிட்டது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அரசு மருத்துவமனைக்குப் போய் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டேன்.

பீடி குடித்தவன்தானே நீ என்று ஒருத்தர் கீழே எழுத வருவீர்கள். ஆமாம், குடித்தேன், 2010-ல் விட்டேன். எங்கள் தெருவில் இன்னும் பீடி குடித்துக்கொண்டு எழுபது வயதில் சைக்கிள் மிதிக்கிறவர் இருக்கிறார், அவரிடமும் போய்க் கேளுங்கள்.

மாத்திரை கொடுக்கிற எங்கள் மையத்தில் வைரஸை மட்டும் பார்த்தார்கள், இதய டாக்டர் ஹெச்.ஐ.வி.யை மட்டும் பார்த்தார். நடுவில் இருந்த ஆளை யாரும் பார்க்கவில்லை. 2023-ல் ரெப்ரீவ் என்ற ஆய்வு வந்தது. 40 முதல் 75 வயதுக்குள் இருக்கிற, ஹெச்.ஐ.வி. உள்ள 7,769 பேர், நம் நாட்டவரும் அதில் உண்டு. பிடாவாஸ்டாடின் என்ற, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாடின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. அவர்கள் இதய நோய் அபாயம் அதிகமில்லாதவர்கள், உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், அவருக்கு எந்த ஸ்டாடின் என்று டாக்டர்தான் சொல்லணும். சில ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சில ஸ்டாடின் ஒத்துப்போகாது, அதனால் இதய டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதால் பட்டது உண்மைதான், ஆனாலும் சொல்லுங்கள். சுகர், கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றும் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள்.

அப்புறம், அடுத்த தடவை மாத்திரை வாங்க நீங்களும் கூடப் போங்கள். எங்கள் மையத்தில் பெஞ்ச் இரண்டுதான், மூட்டுவலிக்காரர்கள் முப்பது பேர் நிற்கிறோம்.