நாவல் எழுத எதற்குச் சம்பளத்தோடு விடுப்பு?

கேள்வி: பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் வரலாறு, இலக்கியம், நாடகம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஆய்வு நல்கை, பாடவேளைக் குறைப்பு, சம்பளத்தோடு விடுப்பு என்று பணம் ஒதுக்குகிறார்கள். அறிவியல் துறைக்குக் கருவி வேண்டும், வேதிப்பொருள் வேண்டும், புரிகிறது. படித்து எழுதுகிறவருக்கு நூலகமும் பேனாவும் போதாதா? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஒருவர் நாவல் எழுத ஓராண்டு விடுப்பு வாங்கியிருக்கிறார். அது அவருடைய சொந்த விருப்பம்தானே? — வாசகர் ஒருவர்

பதில்: நூலகத்தையும் பேனாவையும் கணக்கில் சேர்த்தீர்கள், நேரத்தை விட்டுவிட்டீர்கள். கலைக் கல்லூரியில் ஆய்வுச் செலவு என்பது பெரும்பாலும் நேரத்துக்கான செலவுதான். ஓர் ஆசிரியர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கும் மாதங்களில் அவருடைய வகுப்பை வேறொருவர் எடுக்க வேண்டும். அந்த வேறொருவருக்கும் சம்பளம் தர வேண்டும்.

நேரம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆலிஸ் கோபரின் வாழ்க்கையைப் பாருங்கள். நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் லத்தீன், கிரேக்க ஆசிரியை. 1900இல் கிரீட் தீவில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் லீனியர் பி என்று பெயரிடப்பட்ட எழுத்து இருந்தது. என்ன மொழி, எந்த எழுத்துக்கு என்ன ஒலி, எதுவுமே தெரியாது. பகலெல்லாம் வகுப்பு, விடைத்தாள். இரவில் அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக எண்ணி, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று அட்டைகளில் குறித்துவைத்தார் கோபர். உலகப் போர் காலத்தில் காகிதம் கிடைக்கவில்லை. பழைய வாழ்த்து அட்டை, தேவாலய அறிக்கை, கையில் கிடைத்ததன் பின்பக்கம் என்று வெட்டி வெட்டி எழுதினார். அப்படி ஏறக்குறைய 1,80,000 அட்டைகள். சிகரெட் பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும் என்று சம்ஸ்கிருதம், ஹிட்டைட் போன்ற மொழிகளையும் கற்றுக்கொண்டார்.

1946இல் குகன்ஹைம் அறக்கட்டளை அவருக்கு ஒரு நல்கை தந்தது. அதனால் ஓராண்டு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டு போய், அதுவரை வெளியாகாத பலகை எழுத்துகளைக் கையால் பிரதி எடுத்தார். அந்த மொழியில் சொற்களின் ஈறு மாறுகிறது, அந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1945 முதல் 1948 வரை எழுதிய கட்டுரைகளில் நிறுவினார். விடுப்பு முடிந்ததும் மறுபடி முழுநேர வகுப்பு. 1950இல், 43 வயதில் இறந்துபோனார். இரண்டே ஆண்டுகளில், 1952இல், மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துவிட்டார். அது கிரேக்க மொழியின் மிகப் பழைய வடிவம் என்று தெரிந்தது. கோபர் போட்டுவைத்த வழியில்தான் அவரும் நடந்தார்.

'வென்ட்ரிஸ் பேராசிரியர் இல்லை, கட்டடக் கலைஞர்தானே, அவருக்கு எந்தப் பல்கலைக்கழகம் விடுப்பு கொடுத்தது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வென்ட்ரிஸுக்குக் குடும்பச் சொத்து இருந்தது, கோபருக்குச் சம்பளம் மட்டும்தான். பல்கலைக்கழகங்கள் நேரத்தைத் தராவிட்டால் ஆய்வு அடியோடு நின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் வீட்டில் பணம் உள்ளவர்கள் மட்டும் செய்யும் வேலையாக அது சுருங்கிப்போகும். எனக்கு இதுதான் பெரிய கவலை. எந்தக் கேள்விகள் கேட்கப்படும், யாருடைய வரலாறு எழுதப்படும் என்பதெல்லாம் யாரிடம் ஓய்வு நேரம் இருக்கிறது என்பதை வைத்தே முடிவாகிவிடும்.

ஆசிரியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பது நேற்று முளைத்த சலுகையும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஏழாண்டுக்கு ஒருமுறை ஓராண்டு, பாதிச் சம்பளத்தில் என்று 1880இலேயே தொடங்கியது. இதற்கு வலுவான காரணம் உண்டு. பத்தாண்டாகப் புதிதாக எதையும் தேடாத ஆசிரியர், பத்தாண்டுக்கு முந்தைய குறிப்பையே வகுப்பில் வாசிப்பார். மாணவர்களுக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, நாவலுக்கு வருவோம். உங்கள் கோபம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆய்வு என்றால் உழைப்பு, படைப்பு என்றால் பொழுதுபோக்கு என்ற பிரிவினை அது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் இந்தப் பிரிவினையை 1922இலேயே விட்டுவிட்டது. கவிதை, கதை, நாடகம், இசை, ஓவியம் போன்ற படைப்புகளை உயர்பட்டத்துக்கான ஆய்வேட்டுக்கு ஈடாக ஏற்கலாம் என்று முடிவெடுத்தது. அப்போது பட்டமேற்படிப்புக்குத் தலைமை வகித்த கார்ல் சீஷோர் கவிஞர் அல்லர், ஆய்வகத்தில் அளந்து பார்த்துப் பழகிய உளவியலாளர். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை 2014இலும் 2021இலும் மதிப்பிட்டபோது நாடக நிகழ்த்துதல், இசைக்கோவை, கண்காட்சி எல்லாவற்றையும் ஆய்வு வெளியீடாகவே சமர்ப்பிக்க முடிந்தது. அந்தத் துறைகளை அறிந்தவர்கள் உட்கார்ந்து தரம் பார்த்தார்கள். நாடகத் துறைக்கு ஒருவரை நாடகம் போடத் தெரியும் என்பதற்காக வேலைக்கு எடுத்துவிட்டு, பதவி உயர்வின்போது 'ஆய்விதழில் எத்தனை கட்டுரை?' என்று கேட்பது அநியாயம். அவர் ஆறு மாதம் ஒத்திகை பார்த்து மேடையேற்றியது கணக்கிலேயே வராது என்றால், அடுத்த முறை நாடகத்தை விட்டுவிட்டு யாரும் படிக்காத கட்டுரை ஒன்றை எழுதுவார். அப்புறம் அவரிடம் மாணவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிவியல் துறையின் பெரிய கருவிகளோடு ஒப்பிட்டால் இங்கே தேவைப்படுவது சிறு தொகைகள். காப்பகத்துக்குப் போய்வரப் பயணச் செலவு, பழைய ஆவணங்களைப் படியெடுக்கக் கட்டணம், நேர்காணல் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் கூலி, ஓவிய வரலாற்று நூலில் ஒரு படத்தைப் போட அருங்காட்சியகத்துக்குக் கட்ட வேண்டிய அனுமதித் தொகை, உதவிக்கு ஒரு மாணவர். இந்தச் சிறு தொகை கிடைக்காமல் முக்கால்வாசி முடிந்த புத்தகங்கள் மேசை டிராயரில் கிடக்கின்றன. ஒரு பதிப்பாசிரியனாக அப்படிப்பட்ட கையெழுத்துப் படிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. முடிந்த நூலுக்குப் பொன்னாடை போர்த்தி விருது கொடுக்க எல்லோரும் வருவார்கள். முடியாத நூலுக்குப் பணம் கொடுக்க ஆள் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் எல்லாம் சரியாகச் செய்கின்றன என்று நான் வாதாடவில்லை. நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துக் கணக்குக் கொடு, ஆண்டுக்கு ஒரு வெளியீடு காட்டு என்ற விதி கலைப் புலத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆக்ஸ்போர்டில் இருந்த பரோ, பெர்க்லியில் இருந்த எமனோ என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் சேர்ந்து திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை 1961இல் வெளியிட்டார்கள். விட்டுப்போனவற்றைச் சேர்த்து, திருத்தி, இரண்டாம் பதிப்பு வந்தது 1984இல். தமிழ்ச் சொல் ஒன்றுக்குத் தெலுங்கிலும் கோண்டியிலும் பிராகுயியிலும் உறவு இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் திறக்கிறார்கள். ஆண்டறிக்கைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அந்த வேலையை எழுதுவது? இந்த மாதிரி வேலைக்குத் தொடர்ச்சியான ஆதரவு வேண்டும். இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நல்கை பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் வாங்கியவருக்கே போகிறது. அதிகப் பாடவேளை சுமக்கும் இளம் ஆசிரியருக்கும், ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவருக்கும் விண்ணப்பிக்கக்கூட உரிமை இல்லாத இடங்கள் உண்டு. நீங்கள் சண்டை போட விரும்பினால் இதற்காகப் போடுங்கள், நானும் வருகிறேன்.

நாவல் எழுத விடுப்பு வாங்கியவரைப் பற்றி: அந்த விடுப்பைத் தந்த குழு அவர் எழுதிய பக்கங்களைப் படித்ததா, இலக்கியம் தெரிந்த வெளியாள் ஒருவரின் கருத்தைக் கேட்டதா, திரும்பி வந்ததும் என்ன செய்தார் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறதா என்று அந்தக் கல்லூரியிடம் கேளுங்கள். பொதுப் பணம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எதையும் படிக்காமல் தெரிந்தவர் என்று கொடுத்திருந்தால் கண்டித்து எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். படித்துப் பார்த்துக் கொடுத்திருந்தால், அவரை ஓராண்டு எழுதவிடுங்கள்.