ஹெட்லைட் ஏன் ரோஸ் ஆகிறது?

ஐயா, வணக்கம். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். செனான் ஹெட்லைட். போட்டதும் நீலமாகப் பளிச்சிட்டு, நாலைந்து விநாடியில் வெள்ளைக்கு வருகிறது. இப்போது இடது விளக்கு மட்டும் லேசாக ரோஸ் நிறமாகி, பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி எரிகிறது. பல்பில் 35 வாட் என்றிருக்கிறது. என் பழைய காரில் 55 வாட். குறைந்த வாட்டில் இவ்வளவு வெளிச்சம் எப்படி? பழைய காரைத் தம்பி ஓட்டுகிறான். அதற்கும் ‘எச்.ஐ.டி. கிட்’ (பழைய பல்புக்குப் பதிலாகப் போடும் செனான் பல்பு செட்) மாட்டித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். மாட்டலாமா?

ச., திருமங்கலம்

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில்: மாட்டாதீர்கள். காரணம் கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

உங்கள் பழைய காரின் ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் கம்பிச் சுருள் ஒன்று சூடேறி எரிகிறது. போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகவே வீணாகும். செனான் பல்பில் கம்பியே கிடையாது. பட்டாணி அளவு குவார்ட்ஸ் குமிழ், உள்ளே எதிரெதிராக இரண்டு டங்ஸ்டன் முனைகள், நடுவே சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை மின்சாரம் தாவிக் கடப்பதுதான் வெளிச்சம்.

பழைய டாக்கீஸ் ஆபரேட்டர் அறையை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் ஊர் டாக்கீஸில் ஆபரேட்டர் இரண்டு கார்பன் குச்சிகளைத் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருப்பார். குச்சி தேய்ந்து இடைவெளி கூடினால் திரையில் எம்.ஜி.ஆர். மங்கிவிடுவார், கீழே விசில் பறக்கும். அதே நெருப்பைத்தான் குமிழுக்குள் அடைத்து, 1991-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காரில் வைத்தார்கள்.

பேட்டரியின் 12 வோல்ட்டுக்கு அந்த இடைவெளியைத் தாண்டும் தெம்பு இல்லை. அதற்காகத்தான் பேலஸ்ட். டியூப்லைட்டின் சோக்கும் ஸ்டார்ட்டரும் சேர்ந்து செய்கிற வேலையை இது செய்கிறது. தொடக்கத்தில் ஒரு கணம் 20,000 வோல்ட்டுக்கு மேல் அடித்துப் பொறியைக் கிளப்பும். பற்றிக்கொண்டால் பிறகு 85 வோல்ட் போல இருந்தாலே போதும்.

நீங்கள் முதலில் பார்க்கும் நீலம் செனான் வாயுவின் வெளிச்சம். அந்தச் சூட்டில் குமிழின் சுவரில் ஒட்டியிருக்கும் சோடியம், ஸ்காண்டியம் உப்புகள் ஆவியாகி எரியத் தொடங்கும். அதுதான் அந்த நாலைந்து விநாடி. பேர்தான் செனான், வெளிச்சத்தில் பெரும்பங்கு உப்புகளுடையது. 35 வாட்டில் ஏறக்குறைய 3,200 லூமன் (வெளிச்சத்தின் அளவு) வரும். 55 வாட் ஹாலஜனில் 1,500 வந்தால் அதிகம்.

தெருவில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கும் இதே குடும்பம்தான். கரண்ட் போய் வந்தால் அது சூடு ஆறும்வரை சில நிமிடம் எரியாது. ஹெட்லைட் அப்படி முரண்டு பிடித்தால் என்ன ஆவது? சூடாக இருக்கும்போதே மறுபடி பற்றவைக்கவும் அந்த 20,000 வோல்ட் வேண்டும்.

இனி கிட். தம்பியின் காரில் எச்-4 பல்பாக (பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு கம்பி உள்ளது) இருந்தால், டிம் கம்பிக்குக் கீழே ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். எதிரே வருபவர் கண்ணுக்கு வெளிச்சம் ஏறாமல் தடுப்பது அது. பின்னாலுள்ள கண்ணாடியின் வளைவும் அந்தக் கம்பி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே செய்யப்பட்டது. அங்கே வேறு வடிவ நெருப்பை, இரு மடங்கு வெளிச்சத்தோடு செருகினால் டிம்மில் போட்டாலும் சிதறி மேலே ஏறும். உங்கள் காரில் லென்ஸும் அதன் பின்னால் ஒரு தடுப்புத் தகடும் இருக்கும். சுவரில் அடித்துப் பாருங்கள், கோடு கிழித்தது போல மேல்விளிம்பு தெரியும். கிட் மாட்டினால் தம்பி காரில் அந்தக் கோடு வராது.

சோழவந்தானிலிருந்து ஒரு ராத்திரி திரும்பும்போது எதிரே இப்படி ஒரு நீல விளக்கு வந்தது. நான் பிரைட், டிம் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். அவர் என்ன செய்வார், டிம்மில்தான் வந்திருப்பார். பிரேக்கை மிதித்து நின்றேன். கண் தெளிந்தபோது பத்தடி முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பின்விளக்கு இல்லாமல். அதற்கப்புறம் ‘நீலம்தான் சார் பவர்’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கார் கம்பெனி வைத்துத் தரும் செனான் 4,300 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) அளவில் வெள்ளையாக இருக்கும். 8,000 என்று விற்கிற நீலத்தில் வெளிச்சம் குறைவு.

சரி, உங்கள் ரோஸ் விளக்கு. அது அநேகமாகப் பல்பின் கடைசிக் காலம். வயதான பல்பு எரிய அதிக வோல்ட் கேட்கும், பேலஸ்ட் அதைக் கண்டு நிறுத்திவிடும். புது பேலஸ்ட் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். இடது வலது பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ரோஸ் வலப்பக்கம் போனால் பல்பு, இடப்பக்கமே நின்றால் பேலஸ்ட் அல்லது வயரிங். சுவிட்சை அணைத்து, பல்பு நன்றாக ஆறிய பிறகு கை வைக்க வேண்டும், கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. பல்புதான் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மஞ்சள். அடியில் டி-2-எஸ் என்றிருந்தால் அதையே வாங்குங்கள். டி-4-எஸ் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் பாதரசம் இல்லாத அது 42 வோல்ட்டில் எரிவது, உங்கள் பேலஸ்ட்டுக்குச் சரிவராது.