கணக்குப் பார்ப்பவர் தரவையும் பார்க்கலாமா?

கேள்வி: இருபது வருடமாக எங்கள் மில்லுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர், தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வேலைகளையும் தாமே செய்து தருவதாகச் சொல்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?
– மில் உரிமையாளர், கோவை

பதில்: நம்பிக்கைக்குக் குறைவில்லை, சிக்கலே அங்குதான். வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியே சொல்லும் ஆடிட்டர் மீது, 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கை பாயும். ஆகவே, வாய் திறக்காதவர் என்ற நல்ல பெயர் அவருக்கு உண்டு. ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது வேறு. தொழிலாளியின் ஆதாரை எதற்காக ஸ்கேன் செய்தீர்கள், யார் யார் பார்க்கிறார்கள், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது ஏன் கணினியில் கிடக்கிறது? இவற்றுக்கு ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) விடை கிடைக்காது.

முதலில் அவருடைய அலுவலகத்தைப் பாருங்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் வருமான வரித் தளக் கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரே எக்செல் தாளில் இருந்தன. அந்தத் தாளுக்குக் கடவுச்சொல் கிடையாது! சம்பளப் பட்டியல் போட நீங்கள் கொடுத்த தரவு அங்கிருந்து கசிந்தாலும், சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். போதிய பாதுகாப்பு செய்யாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு மட்டுமே. அந்த எண்ணைக் காட்டிக் கட்டணம் பேசுபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு அப்போதிலிருந்து 18 மாத அவகாசம்.

அவரே உங்கள் கம்பெனியின் சட்டப்படியான தணிக்கையாளர் என்றால், தணிக்கையாளர் அதே கம்பெனிக்குச் செய்யக் கூடாத வேலைகளைச் சொல்லும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144-ஆம் பிரிவையும் புரட்டச் சொல்லுங்கள். தரவுப் பாதுகாப்பு என்று தொடங்கி உங்கள் நிதிக் கணக்கு மென்பொருளையே வடிவமைக்கப் போனால் அந்தப் பிரிவு குறுக்கே நிற்கும்.

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர் 'சாக் 2' அறிக்கை கேட்கிறார். அது இருந்தால் தனியுரிமைக்கும் சேர்த்துச் சான்று கிடைத்துவிடும்தானே?
– மென்பொருள் நிறுவனம், சென்னை

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சாக் 2 (SOC 2) என்பது, வாடிக்கையாளர் தரவை ஒரு நிறுவனம் எப்படிக் காக்கிறது என்று வெளித் தணிக்கையாளர் தரும் அறிக்கை. அதில் பாதுகாப்பு, கிடைக்கும்தன்மை, செயலாக்கத் துல்லியம், ரகசியம், தனியுரிமை என்று ஐந்து பிரிவுகள். கட்டாயம் பாதுகாப்பு ஒன்றுதான். தனியுரிமையை நீங்கள் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அறிக்கையில் கையெழுத்திட அமெரிக்க சி.பி.ஏ. (அங்கே உரிமம் பெற்ற கணக்காளர்) நிறுவனம் வேண்டும், உங்கள் உள்ளூர் ஆடிட்டர் ஆயத்த வேலைகளுக்கு உதவலாம்.

கேள்வி: நான் ஆடிட்டர். தரவுப் பாதுகாப்புச் சேவையைத் தொடங்கினேன். "வரிக்கணக்கு பார்ப்பவருக்கு இதெல்லாம் எதற்கு சார்?" என்று கேட்கிறார்கள்.
– திருப்பூர்

பதில்: நியாயமான கேள்விதான். தகவல் அமைப்புத் தணிக்கைப் படிப்பு முடித்த சான்றிதழைச் சுவரில் மாட்டினால் மட்டும் அது மறையாது. வருகிறவரிடம், அவருடைய கோப்பு உங்கள் அலுவலகத்தில் எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம், எப்போது அழிப்பீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஓர் இடத்தில் ஏற்பாடுகளைச் செய்து கொடுத்தால், அதே இடத்துக்குத் தரவுத் தணிக்கையாளராகப் போகாதீர்கள்.

கேள்வி: தரவைப் பெற வாடிக்கையாளரிடம் காட்டும் ஒப்புதல் அறிவிப்பை ஆடிட்டரே எழுதித் தரலாமா?
– மருந்துக் கடை, மதுரை

பதில்: வக்கீல் எழுதட்டும். எந்தத் தரவு எந்தக் கணினியில் இருக்கிறது என்ற பட்டியலை ஆடிட்டரிடம் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள்.