பாமசி பற்றுச்சீட்டு ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: ஆஸ்பத்திரியில் குளிசை இல்லையென்று வெளியே வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள். பாமசிச் சீட்டைக் காப்புறுதிக்காரர் ஏற்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சீட்டில் ‘மருந்து’ என்று மொத்தத் தொகை மட்டும் இருந்திருக்கும், அதிகம் திரும்புவது அப்படியானவைதான். நோயாளியின் பெயர், திகதி, மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை குளிசை, ஒன்றின் விலை, கடை முத்திரை எல்லாம் வேண்டும். அதே கடையில் விவரமாக எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி கடமை, தயவல்ல. மூலச் சீட்டைக் கொடுக்குமுன் பிரதி எடுங்கள். வெப்பத்தாளில் அடித்த சீட்டு சில மாதத்தில் வெளுத்துவிடும்.

துண்டில் 30 குளிசை, சீட்டில் 60 என்றிருந்தாலும் மறுப்பார்கள். ஆஸ்பத்திரி விடுதியில் தங்கினால் மட்டுமே பணம் தரும் ஒப்பந்தங்களும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

விலையையும் கவனியுங்கள். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. பிறகு பட்டியலும் விலையும் மாறின. குறித்த விலைக்கு மேல் வாங்கினால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். அதற்கும் இந்தச் சீட்டுத்தான் கேட்பார்கள்.