ஒரு ரிப்போர்ட் வந்த பிறகு இன்னொரு டெஸ்ட் எதற்கு?

கேள்வி: எங்கள் மகனுக்கு இதயத்தில் ஓட்டை. மைக்ரோஅரே என்ற டிஎன்ஏ டெஸ்ட் செய்ததில், 22ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) 22கியூ11.2 என்ற இடத்தில் ஒரு துண்டு இல்லை என்று வந்தது. இப்போது எனக்கும் கணவருக்கும் ‘ஃபிஷ்’ (FISH) என்ற இன்னொரு டெஸ்ட் செய்யச் சொல்கிறார் டொக்டர். முதல் ரிப்போர்ட்டில் சந்தேகமா, காசு பறிக்கும் வேலையா? மாமியார் வேறு, யார் பக்கத்துக் குறை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: காசு பறிக்கும் வேலை இல்லை, சகோதரி. மைக்ரோஅரே, கலத்திலிருந்து டிஎன்ஏயைப் பிரித்தெடுத்து எது கூட, எது குறைவு என்று அளக்கும், அவ்வளவுதான். எந்தத் துண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃபிஷ்ஷில் நிறமூர்த்தங்களையே கண்ணாடித் தகட்டில் வைத்துச் சூடாக்கி இழைகளைப் பிரித்து, ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏ துண்டை மேலே விட்டு 37 பாகையில் இரவு முழுக்க வைப்பார்கள், அது தன் ஜோடி இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு நுணுக்குக்காட்டியில் புள்ளிகளை எண்ணுவதுதான் வேலை. 22ஆம் நிறமூர்த்தம் நமக்கு இரண்டு, எனவே இரண்டு சிவப்புப் புள்ளி தெரிய வேண்டும். துண்டு இல்லாதவருக்கு ஒன்றுதான் தெரியும். சரிபார்க்க அதே நிறமூர்த்தத்தின் நுனிப் பக்கம் பச்சைப் புள்ளியும் வைப்பார்கள். பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று என்றால் இழப்பு உண்மை. பச்சையும் சரியாக விழவில்லை என்றால் சாயம் ஒட்டவில்லை, திரும்பச் செய்ய வேண்டும்.

சரி, உங்கள் இருவரின் இரத்தம் எதற்கு? இந்த இழப்பு பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குப் புதிதாக வருவது. மிச்சப் பேருக்கு அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்து வந்திருக்கும், அவருக்கோ மூக்கால் பேசுவது மாதிரி சின்னதாக ஏதாவது இருக்கலாம், அதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அப்படியானால் அடுத்த பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அரிதாக இன்னொன்றும் நடக்கும்: பெற்றோரில் ஒருவருக்கு அந்தத் துண்டு கழன்று வேறொரு நிறமூர்த்தத்தில் செருகியிருக்கும். மொத்த அளவு சரி, ஆகவே மைக்ரோஅரே ‘நோர்மல்’ என்று சொல்லிவிடும். சிவப்புப் புள்ளி இடம் மாறி நிற்பதை ஃபிஷ்தான் காட்டும். இருவருக்கும் நோர்மல் என்று வந்தால் அடுத்த பிள்ளைக்கான வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை.

மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒரே மாதிரி டிஎன்ஏ துண்டுகள் அங்கங்கே இருப்பதால், முட்டையோ விந்தோ உருவாகும்போது அவை தப்பாகப் பொருந்தி நடுவில் உள்ளது விடுபட்டுப்போகிறது. சாப்பாடோ சாபமோ காரணமில்லை.

போகும்போது மகனுடைய ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். இழப்பு சிறியதாகவோ வழக்கமான இடத்துக்குத் தள்ளியோ இருந்தால், கையிருப்பில் உள்ள சாயத் துண்டு அதைத் தொடாமலே ‘நோர்மல்’ சொல்லிவிடக்கூடும். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. கலங்களை உயிரோடு வளர்க்க வேண்டும் என்பதால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் உள்ள குழாயில்தான் எடுப்பார்கள்.

கேள்வி: அப்படியென்றால் முதலிலேயே ஃபிஷ் மட்டும் செய்தால் என்ன?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எந்த இடம் என்று டொக்டருக்கு உறுதியான சந்தேகம் இருந்தால் செய்யலாம். ஆனால் சாயத் துண்டு போகும் இடத்தை மட்டுமே ஃபிஷ் பார்க்கும், பக்கத்துத் தெருவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. துண்டு கூடுதலாக இருந்து, அதுவும் அடுத்தடுத்து ஒட்டி இருந்தால் இரண்டு புள்ளியும் ஒன்றாகத் தெரிந்து ஏமாற்றும். அதற்கு, இரண்டாகப் பிளவுபடும் நிலையில் இல்லாத கலங்களில் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.