120 பேர் வர்றாங்க, 2 பேர் தான் வாங்குறாங்க: தலைப்பை மாத்துனா சரியாகுமா?

காங்கேயம் பக்கத்துல வீட்டுக்காரரோட சேர்ந்து மரச்செக்கு வச்சு கடலை எண்ணெய் விக்கிற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. அவங்க கேள்வி சுருக்கமா இது: "ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போடுறோம், அதை தட்டுனா திறக்குற எங்க வெப்சைட் பேஜுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 120 பேர் வர்றாங்க, ஆனா ஆர்டர் 2 தான். பேஜ் தலைப்பு 'ஆரோக்கியத்தின் முதல் துளி'ன்னு இருந்துச்சு. ஒண்ணாம் தேதி அதை 'பாரம்பரியத்தின் சுவை'ன்னு மாத்துனோம், முதல் 4 நாள்ல 14 ஆர்டர் வந்துச்சு, முன்னாடி 4 நாளைக்கு 8 தான் வரும். சந்தோஷமா இருந்தோம், அடுத்த 4 நாள்ல 6 ஆயிடுச்சு. எந்த தலைப்பு நல்லதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?"

முதல்ல அந்த 14-ஐ பாத்துடுவோம். 4 நாளைக்கு சராசரி 8 ஆர்டர்னு வச்சுக்குங்க, எதையுமே மாத்தாம அப்படியே விட்டா கூட சில வாட்டி 3 வரும், சில வாட்டி 13 வரும், அது தானா ஏறி இறங்குறது தான். 14ங்கிறது அந்த ஏத்த இறக்கத்தோட ஓரத்துல நிக்கிற நம்பர். கூடவே மாத்துனது ஒண்ணாம் தேதி, சம்பளம் வந்த வாரம், மளிகை வாங்குற வாரம். அதனால அந்த 14-க்கு தலைப்பை பாராட்டவும் வேண்டாம், 6-க்கு திட்டவும் வேண்டாம். உண்மையை சொல்லணும்னா உங்க ரெண்டு தலைப்பும் ஒரே தலைப்பு தான். ரெண்டையும் நெய் பாட்டில் மேல ஒட்டலாம், தேன் மேல ஒட்டலாம், ஏன் சீயக்காய் பாக்கெட் மேல கூட ஒட்டலாம், கடலை எண்ணெய்ன்னு ஒரு வார்த்தை ரெண்டுலயும் கிடையாது. விளம்பரத்துல "மரச்செக்கு கடலை எண்ணெய் 1 லிட்டர்"னு பாத்து தட்டி உள்ள வர்றவங்க, பேஜ்ல "பாரம்பரியத்தின் சுவை"ன்னு பாத்தா தப்பான கடைக்கு வந்துட்டோமோன்னு ஒரு செகண்ட் யோசிப்பாங்க, ஃபோன்ல அந்த ஒரு செகண்ட் போதும் மூடிட்டு போக. விளம்பரத்துல என்ன சொல்லி கூப்பிட்டீங்களோ அதே வார்த்தை பேஜோட தலைப்புல இருக்கணும், இது டெஸ்ட் பண்ணி பாக்குற விஷயமே இல்ல, இன்னைக்கே மாத்திடுங்க.

சரி, தலைப்பை எங்க இருந்து எடுக்கிறது? உக்காந்து யோசிச்சா "பாரம்பரியம்", "ஆரோக்கியம்", "தூய்மை" தான் வரும், எல்லாருக்கும் அதே தான் வரும். விளம்பர உலகத்துல இன்னைக்கும் பேசுற ஒரு தலைப்பு 1958-ல டேவிட் ஓகில்விங்கிற விளம்பரக்காரர் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு போட்டது. மணிக்கு 60 மைல் வேகத்துல போகும்போது இந்த கார்ல கேக்குற பெரிய சத்தம் உள்ள இருக்குற மின்சார கடிகாரத்தோடது தான்னு வரும். அது அவர் கற்பனைல உதிச்சது கிடையாது, 'தி மோட்டார்'ங்கிற பத்திரிகையோட தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னதுன்னு அந்த விளம்பரத்துக்குள்ளயே போட்டிருக்காரு. அவர் செஞ்சது அதை தேடி எடுத்தது தான்.

உங்களுக்கு தேட வேண்டிய இடம் உங்க வாட்ஸ்ஆப். கடைசியா வந்த ஒரு 50 பேரோட சாட்டை திறந்து, வாங்குறதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்க, கேட்டுட்டு வாங்காம போனவங்க கடைசியா என்ன கேட்டாங்கன்னு ஒரு நோட்டுல அவங்க வார்த்தையிலயே எழுதுங்க, நீங்க திருத்தாதீங்க. செக்கு எண்ணெய் விக்கிறவங்களுக்கு பொதுவா வர்றது இதெல்லாம் தான்: ஏன் இவ்ளோ விலை, கலப்படம் இல்லன்னு எப்படி நம்புறது, வடை சுட்டா பொங்குமா, எத்தனை நாள் கெடாம இருக்கும், பாட்டில் உடைஞ்சு வந்தா என்ன பண்றது. இதுல எது ரொம்ப அதிகமா வருதோ அதுக்கான பதில் தான் உங்க தலைப்பு. விலை தான் பெரிய கேள்வின்னா இப்படி எழுதலாம்:

"ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ கடலைப்பருப்பு ஆட்டுறோம். விலை அதனால தான்."

இரண்டரைங்கிறது பொதுவா மரச்செக்குல ஆகுற கணக்கு, உங்க செக்குல எவ்வளவு ஆகுதோ அந்த நம்பரை தான் போடணும், 2.3 ஆனா 2.3-னே போடுங்க, முழுசா இல்லாத நம்பரை பாத்தா அளந்து சொல்றாங்கன்னு தோணும். நம்பிக்கை தான் பிரச்சனைன்னா வேற மாதிரி:

"திங்கள் ஆட்டுறோம், வியாழன் வரைக்கும் தெளிய வைக்கிறோம், வெள்ளி அனுப்புறோம். மரச்செக்கு கடலை எண்ணெய், ஆட்டுன தேதி ஒவ்வொரு பாட்டில் மேலயும்."

இது கொஞ்சம் நீளம் தான். ஆனா படிக்கிறவங்களுக்கு கண்ணு முன்னாடி ஒரு செக்கு ஓடும். நீளத்தை பத்தி ஒண்ணு சொல்லிடறேன், தமிழ் வார்த்தை ஃபோன் ஸ்க்ரீன்ல ரொம்ப இடம் அடைக்கும், லேப்டாப்ல ஒரு வரியா அழகா நிக்கிறது ஃபோன்ல அஞ்சு வரியா உடைஞ்சு விலையும் பட்டனும் கீழ போயிடும். சில டெம்ப்ளேட்ல, அதாவது ரெடிமேட் பேஜ் டிசைன்ல, இங்கிலீஷுக்குன்னு வச்ச வரி இடைவெளில தமிழ் எழுத்தோட மேல் கொம்பும் கீழ் சுழியும் வெட்டுப்படும். வீட்ல இருக்குறதுலயே சின்ன, பழைய ஃபோன்ல திறந்து பாருங்க, தலைப்பு, பாட்டில் படம், விலை, ஆர்டர் பட்டன் நாலும் தள்ளாம தெரியணும். தெரியலன்னா எண்ணெய் பேரையும் ஆட்டுன தேதியையும் தலைப்புலயும் மீதியை கீழ சின்ன எழுத்துலயும் பிரிச்சு போடுங்க.

இப்போ டெஸ்ட். இதுல தான் நிறைய பேர் காசை கரைக்கிறாங்க. உங்களுக்கு இப்போ நூத்துக்கு சுமார் 1.7 பேர் வாங்குறாங்க. புது தலைப்பு அதை ரெட்டிப்பாக்குச்சுன்னா அதை நம்பிக்கையா கண்டுபிடிக்க ஒவ்வொரு தலைப்புக்கும் ஏறக்குறைய 1,400 பேர் வேணும், ரெண்டுக்கும் சேத்து 2,800, உங்க 120 பேர் கணக்குல மூணு வாரத்துக்கு கொஞ்சம் மேல, இது நடக்குற காரியம். அதே புது தலைப்பு 1.7-ஐ 2 ஆக்குச்சுன்னு வைங்க, ஆர்டர் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கூடுது, நல்ல விஷயம் தான், ஆனா அந்த சின்ன வித்தியாசத்தை நிரூபிக்க ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 25,000 ஆள் வேணும், உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதனால "சுத்தமான"வா "தூய"வா, ஆச்சரியக்குறி போடலாமா வேண்டாமாங்கிற டெஸ்ட் எல்லாம் லட்சக்கணக்குல ஆள் வர்ற பெரிய சைட்டுக்கு. சின்ன கடை டெஸ்ட் பண்ணா ரெண்டு வேற வேற காரணத்தை மோத விடணும், விலைக்கான பதில் ஒரு பக்கம், நம்பிக்கைக்கான பதில் இன்னொரு பக்கம்.

முதல் வாரம் இது, அடுத்த வாரம் அதுன்னு மாத்தி மாத்தி போடுறது டெஸ்ட் ஆகாது, சம்பள நாள், அமாவாசை, பண்டிகை, மழை எல்லாம் நடுவுல புகுந்துடும். ரெண்டும் ஒரே நேரத்துல ஓடணும். பழைய வீடியோ எல்லாம் இதுக்கு கூகுள் ஆப்டிமைஸ்ங்கிற டூலை யூஸ் பண்ண சொல்லும், அதை 2023 செப்டம்பர் 30-ஓட மூடிட்டாங்க, தேடாதீங்க. உங்க பேஜை அப்படியே காப்பி எடுத்து தலைப்பை மட்டும் மாத்தி ரெண்டாவது லிங்க் ஆக்குங்க, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை போடுற மெட்டா ஆட்ஸ் மேனேஜர்ல ஏ/பி டெஸ்ட்னு இருக்கும் (வர்றவங்களை ரெண்டா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா காட்டி ஒப்பிடுறது), அதை எடுத்து அதே படம், அதே ஆடியன்ஸ், அதே பட்ஜெட் வச்சு லிங்க்கை மட்டும் வேற வேற கொடுங்க. அந்த ஏ/பி டெஸ்ட்டுக்குள்ள போடாம சும்மா ரெண்டு விளம்பரம் ஓட விட்டா, மெட்டா கொஞ்ச நேரத்துலயே ஒண்ணு மேல காசை கொட்டிட்டு இன்னொண்ணை பட்டினி போட்டுடும், அப்புறம் ஒப்பிடவே முடியாது. விளம்பரத்து மேல இருக்குற வரி ரெண்டுலயும் ஒண்ணா இருக்கட்டும், அதுல எண்ணெய் பேரும் அளவும் போதும்.

உங்களுக்கு பாதி ஆர்டர் வாட்ஸ்ஆப்ல தான் வரும்னு நினைக்கிறேன், அதை விட்டுட்டு எண்ணுனா கணக்கே தப்பு. வாட்ஸ்ஆப் லிங்க்ல முன்கூட்டியே மெசேஜ் எழுதி வைக்கலாம் இல்லையா, ஒரு பேஜ்ல "வணக்கம், கடலை எண்ணெய் வேணும் 1"ன்னும் இன்னொண்ணுல "வணக்கம், கடலை எண்ணெய் வேணும் 2"ன்னும் வச்சுடுங்க, முக்கால்வாசி பேர் அதை மாத்தாம அனுப்பிடுவாங்க. ஃபோன்ல கூப்பிடுறவங்களை கணக்குல சேக்காதீங்க. டெஸ்ட்டை முழு வாரமா ஓட்டுங்க, நடுவுல தினமும் பாத்து ஒண்ணு முந்துன நாளா பாத்து நிறுத்துனீங்கன்னா தப்பான முடிவு தான் வரும், ஏன்னா ஒண்ணுமே வித்தியாசம் இல்லாத ரெண்டு பேஜ்ல கூட ஏதோ ஒரு நாள் ஒண்ணு முந்தி தான் இருக்கும். எப்போ நிறுத்தறதுன்னு ஆரம்பிக்கும்போதே எழுதி வச்சுடுங்க. தீபாவளி பக்கத்துல ஆரம்பிக்கவே வேண்டாம்.

எதை எண்ணுறதுங்கிறது இன்னும் முக்கியம். கிளிக்கை எண்ணாதீங்க, கேஷ் ஆன் டெலிவரி வச்சிருந்தா ஆர்டரை கூட எண்ணாதீங்க, பார்சல் போய் சேந்து காசு வந்ததை எண்ணுங்க. தூண்டில் மாதிரி தலைப்பு ஆர்டரை அள்ளும், அப்புறம் கொரியர்காரர் வாசல்ல நிக்கும்போது "வேண்டாம்பா"ன்னு திருப்பி அனுப்புவாங்க, போக வர கூலி உங்க தலைல. 30 ஆர்டர்ல 9 திரும்பி வந்த தலைப்பு, 25 ஆர்டர்ல 1 திரும்பின தலைப்புகிட்ட தோத்துடுச்சுன்னு தான் அர்த்தம்.

தலைப்புல வரவே கூடாதது சிலது இருக்கு. "சுகர் குறையும்", "மாரடைப்பு வராது" மாதிரி எதுவும் கூடாது. நோயை தடுக்கும், குணமாக்கும்னு உணவுப் பொருளுக்கு இஷ்டத்துக்கு விளம்பரம் பண்ண மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 2018 விளம்பர விதிகள் விடாது, மெட்டாவும் விளம்பரத்தை நிறுத்திடலாம். "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு போடுறதுல அர்த்தமும் இல்ல, எந்த தாவர எண்ணெய்லயும் அது கிடையாது. "இன்னும் 3 பாட்டில் தான் மீதி", ரீஃப்ரெஷ் பண்ணா திரும்ப முதல்ல இருந்து ஓடுற டைமர், இதெல்லாம் 2023 நவம்பர்ல மத்திய அரசு கொண்டு வந்த டார்க் பேட்டர்ன் (ஆன்லைன்ல வாங்குறவங்களை ஏமாத்துற தந்திரங்கள்) விதிகள்ல பொய்யான அவசரம்ங்கிற வகை. நிஜமாவே இந்த வாரம் 40 லிட்டர் தான் ஆட்டுனீங்கன்னா தாராளமா சொல்லுங்க.

இதெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டின்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதை பேஜ்ல போட்டு ஒரு வாரம் ஆளுங்க எங்க நின்னு எங்க வெளிய போறாங்கன்னு ரெக்கார்டிங் பாருங்க. தலைப்பை தாண்டி கீழ வரைக்கும் வந்து, டெலிவரி சார்ஜ் கடைசில தெரியும்போது போறாங்கன்னா தலைப்பு மேல தப்பே இல்ல. அந்த சார்ஜை விலைக்கு பக்கத்துலயே போடுங்க (கடைசில ஒளிச்சு வைக்கிறதும் அதே விதிகள்ல வருது). அதுக்கப்புறமும் பிரச்சனைன்னா அப்போ தலைப்பு டெஸ்ட்டுக்கு வாங்க. எழுதி வச்ச நாள் வரைக்கும் ஓட்டியும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தான் நிக்குதுன்னா, பார்சல் கம்மியா திரும்புனதை வச்சுட்டு அடுத்ததா பாட்டில் படத்தை டெஸ்ட் பண்ணுங்க, வெறும் பாட்டில் ஒரு பக்கம், உங்க செக்கு ஓடுற படம் இன்னொரு பக்கம்.